சயாமுக்குப் போன மாமா

டிசம்பர் லீவுக்குத் தாய்லாந்து போகிறோம், அதில் மூன்று நாள் காஞ்சனபுரியில் என்று சொன்னபோது இரண்டு விதமான பதில் வந்தது. எங்கள் மெல்பர்ன் தமிழ் நண்பர்கள், "அங்க என்னங்க இருக்கு? பிள்ளைங்களைக் கூட்டிட்டு புக்கெட் போங்க" என்றார்கள். பக்கத்து வீட்டு ஆஸ்திரேலியப் பெரியவர் மட்டும் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த குழாயை மூடிவிட்டு வேலியோரம் வந்து நின்றார். அவருடைய பெரியப்பா அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். எந்தப் பகுதி, எந்த வரிசை, எத்தனையாவது கல் என்பது வரை அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, முடிந்தால் ஒரு போட்டோ எடுத்து வரச் சொன்னார்.

இந்த ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டது நான் இல்லை, என் மாமியார். அவர் மலேசியாவில் பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். சின்ன வயதில் அவர் காதில் விழுந்த பேச்சில் 'சயாமுக்குப் போன மாமா' என்று ஒருவர் இருந்தார். மாமியாருடைய அம்மாவின் அண்ணன். ஜப்பான்காரன் காலத்தில் ரயில் ரோடு போடப் போனார், திரும்பவில்லை. கதை அவ்வளவுதான். எங்கே, எப்போது, எப்படி என்று யாருக்கும் தெரியாது. "அந்த மண்ணையாவது ஒரு தடவை மிதிச்சிட்டு வந்துடறேன் தம்பி" என்று நாலைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பின்னணி தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1942ல் சிங்கப்பூரும் மலாயாவும் பர்மாவும் ஜப்பானியர் கைக்குப் போயின. பர்மாவில் இருக்கும் படைக்குச் சாமான் அனுப்பக் கடல்வழி ஆபத்தாக இருந்தது, நேச நாட்டு நீர்மூழ்கிகள் காத்திருந்தன. அதனால் தாய்லாந்தின் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டருக்குக் காட்டையும் மலையையும் வெட்டி ரயில் பாதை போட முடிவு செய்தார்கள். 1942 நடுவில் வேலை ஆரம்பித்தது. 1943 அக்டோபர் 17 அன்று இரண்டு பக்கத்துத் தண்டவாளமும் சேர்ந்துவிட்டது. இடையில் இருந்த அந்தப் பதினாறு மாதத்தைத்தான் 'சயாம் மரண ரயில்' என்கிறார்கள்.

வேலைக்கு வந்தவர்கள் இரண்டு கூட்டம். ஒன்று, பிடிபட்ட போர்க்கைதிகள்: பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, கொஞ்சம் அமெரிக்கச் சிப்பாய்கள். 60,000 பேருக்கு மேல். அதில் 12,000க்கும் அதிகமானோர் செத்துப்போனார்கள். இன்னொன்று ஆசியத் தொழிலாளர்கள். பர்மியர், மலாயாத் தமிழர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர், வியட்நாமியர் என்று 2 லட்சம் பேர் வரை, அதற்கு மேலும்கூட இருக்கலாம் என்கிறார்கள். செத்தவர்கள் 80,000லிருந்து 1 லட்சம் வரை என்று ஒரு மதிப்பீடு. ஒரு பக்கம் நூறு இருநூறு வித்தியாசத்தில் கணக்கு சொல்ல முடிகிறது. மறுபக்கம் இருபதாயிரம் கூடக்குறைய.

மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் 70,000க்கும் மேல். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். ஏன் போனார்கள் என்பதற்கு மாமியார் சொன்ன விளக்கம் புத்தகங்களில் இருப்பதோடு ஒத்துப்போகிறது. ஜப்பான் வந்தபிறகு ரப்பர் வாங்க ஆளில்லை. பால்மரம் வெட்டும் வேலை நின்றுபோனது. அரிசி கிடைக்கவில்லை, மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. அந்த நேரத்தில் ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாத வேலை, சாப்பாடு இலவசம் என்று விளம்பரம் செய்தார்கள். முதலில் சிலர் நம்பிப் போனார்கள், சிலர் பெண்டாட்டி பிள்ளைகளோடு. யாரும் திரும்பவில்லை என்றதும் மற்றவர்கள் பின்வாங்கினார்கள். பிறகு ஒவ்வொரு தோட்டமும் இத்தனை ஆள் தரவேண்டும் என்று உத்தரவு வந்தது. இலவச சினிமா என்று கூட்டிக் கதவைச் சாத்தி, அப்படியே கூட்ஸ் வண்டியில் ஏற்றியதும் நடந்திருக்கிறது.

பாங்காக்கில் தோன்புரி ஸ்டேஷனிலிருந்து காலை எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ரயில் கிளம்புகிறது. மூன்றாம் வகுப்பு மட்டும்தான். திறந்த ஜன்னல், மேலே மின்விசிறி. வெளிநாட்டவர்க்கு 100 பாட் டிக்கெட். டூர் வேன் வசதியாக இருக்கும், ஆனால் பிள்ளைகளோடு போவதானால் ரயிலில் போங்கள் என்பேன். நோங் பிளாடுக் என்ற சந்திப்பைத் தாண்டியதும் நாம் போய்க்கொண்டிருப்பது அந்தப் பாதையேதான். பலாப்பழமும் வறுத்த வாழைப்பழமும் விற்றுக்கொண்டு வந்தார்கள். என் ஆறு வயதுப் பையன் இரண்டும் கேட்டான். மாமியார் ஜன்னலோரம் உட்கார்ந்து கரும்புத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். அதிகம் பேசவில்லை.

காஞ்சனபுரி என்றால் பொன்னூர். 'காஞ்சனம்' நமக்கும் தெரிந்த சொல்தான். ஊர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்திலேயே போர்க் கல்லறைத் தோட்டம். ஏறக்குறைய 7,000 பேர் அங்கே இருக்கிறார்கள். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நெதர்லாந்து. புல்வெளி கம்பளம் மாதிரி வெட்டப்பட்டிருக்கிறது. கல்லுக்குக் கல் நடுவே பூச்செடி. ஒவ்வொரு கல்லிலும் வெண்கலத் தகட்டில் பெயர், எண், படைப்பிரிவு, இறந்த தேதி, வயது. பலவற்றில் கடைசியில் அம்மாவோ மனைவியோ எழுதி அனுப்பிய ஒரு வரி.

பத்து வயது மகள் முதலில் வயதுகளைத்தான் வாசித்தாள். 22, 24, 21, 30, 23. பிறகு வாசிப்பதை நிறுத்திவிட்டாள். பெரியவர் எழுதிக்கொடுத்த தாளை வைத்துக்கொண்டு பையன் வரிசைகளை எண்ணினான். ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டோம். போட்டோ எடுத்து அப்போதே அனுப்பினேன்.

மகளுக்கு அந்த வேலை பிடித்துப்போனது. "பாட்டி, உங்க மாமாவோட பேர் என்ன? நான் தேடறேன்" என்றாள்.

தொழிலாளர்கள் இந்தத் தோட்டத்தில் இல்லை, இது ராணுவத்தினருக்கானது என்று நான் சொல்வதற்குள் மாமியார் பதில் சொல்லிவிட்டார். "தெரியாதும்மா."

"பேரே தெரியாதா?"

"எங்கம்மா 'எங்கண்ணன்'னுதான் சொல்வாங்க. அண்ணன் பேரை வாயால சொல்லமாட்டாங்க. எங்களுக்கு அவர் மாமா. நாங்க எதுக்குப் பேர் கேக்கப்போறோம்?"

மகளுக்கு இது புரியவில்லை. அவள் பள்ளியில் டீச்சரையே பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

நுழைவாயில் கட்டடத்தில் ஒரு தகடு இருக்கிறது, அவசரத்தில் பலர் பார்க்காமல் போய்விடுவார்கள். பிரிக்கப்படாத இந்தியாவின் ராணுவத்தைச் சேர்ந்த 11 பேரின் பெயர்கள். தாய்லாந்தில் முஸ்லிம் கல்லறைகளில் அடக்கமானவர்கள். அந்தக் கல்லறைகளைப் பராமரிக்க முடியாமல் போனதால் பெயர்களை இங்கே பொறித்திருக்கிறார்கள். ராணுவத்தில் இருந்திருந்தால் பதினொரு பேர் என்றாலும் விட்டுவிட மாட்டார்கள் என்பது அதைப் பார்த்தபோது தெரிந்தது. போர்க் கல்லறை ஆணையத்தின் விதியே அதுதான், பதவி பார்க்காமல் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு பெயர்ப்பலகை. தோட்டத் தொழிலாளி அந்த விதிக்குள் வரமாட்டார்.

இத்தனை பெயர்களும் எப்படித் தப்பின என்பது தனிக் கதை. கைதிகளிடம் அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நிறைய. யார், எங்கே, எந்த நோயில் இறந்தார் என்று ரகசியமாகப் பட்டியல் எழுதினார்கள். பிடிபட்டால் உதை. பட்டியலைப் புட்டியில் போட்டுக் கல்லறைக்குள்ளேயே புதைத்து வைத்தவர்கள் உண்டு. 1945ல் போர் முடிந்த சில வாரங்களில் ஒரு சிறு குழு அந்தப் பட்டியல்களோடு பாதை நெடுகப் போனது. 144 இடுகாடுகள், 10,549 கல்லறைகள். கண்டுபிடிக்க முடியாமல் போனவை 52 மட்டும். நான் சாப்ட்வேர்காரன். காட்டுக்குள், பசியில், காலராவுக்கு நடுவில் வைத்திருந்த பதிவேடு இந்த அளவுக்குச் சரியாக இருந்ததை என்னால் வியக்காமல் இருக்க முடியவில்லை. ஏசி அறையில் உட்கார்ந்து நாங்கள் எழுதும் லாக் இவ்வளவு ஒழுங்காக இருக்காது.

தமிழர் முகாம்களில் இப்படி எழுத ஆளில்லை. மருத்துவர் இல்லை, தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதே என்று உத்தரவு போட ஒரு அதிகாரி இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகக் காலியானது. நிலைமை கைமீறியபிறகு ஜப்பானியர் கைதிகளிலிருந்தே மருத்துவக் குழுக்களைப் பிரித்துத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். தமிழர் முகாம்களில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி அந்த வெள்ளைக்காரக் கைதிகள் எழுதி வைத்ததுதான். அதனால் அந்தக் கல்லறைகளைப் பார்த்து 'இவங்களுக்கு மட்டும் இவ்வளவா' என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த 22 வயதுப் பையன்களும் எலும்பும் தோலுமாகத்தான் செத்தார்கள்.

பணக் கணக்கும் இப்படித்தான். உயிரோடு திரும்பிய பிரிட்டிஷ் கைதிகளுக்கு 1950களில் ஆளுக்கு 76 பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே கிடைத்தது. அதையே அவமானம் என்றார்கள். பிறகு 2000ல் பிரிட்டிஷ் அரசு 10,000 பவுண்டு கொடுத்தது. தோட்டத் தொழிலாளிக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

கல்லறைத் தோட்டத்தை ஒட்டியே தாய்லாந்து–பர்மா ரயில்வே மையம் என்ற மியூசியம் இருக்கிறது. ராட் பீட்டி என்ற ஆஸ்திரேலியர் பல வருஷம் காட்டுக்குள் பாதையைத் தேடி நடந்து ஆராய்ந்து உருவாக்கியது. ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இங்கே போங்கள். வரைபடங்கள் நன்றாக இருக்கின்றன, ஆசியத் தொழிலாளர் பற்றியும் சொல்கிறார்கள், சத்தம் கிடையாது. எட்டு ஒன்பது வயதுக்கு மேல் உள்ள பிள்ளைகள் வாசித்துப் புரிந்துகொள்வார்கள். சின்னவன் அரை மணியில் சோர்ந்துவிட்டான். அவனை மாடிக் காபிக் கடையில் பாட்டியோடு உட்கார வைத்துவிட்டோம். அங்கிருந்து ஜன்னல் வழியாகக் கல்லறைகள் தெரியும்.

மகள் கேட்ட கேள்விகளில் ஒன்று எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டியது. அவளுடைய நெருங்கிய தோழி ஜப்பானியப் பெண். "அவளுக்கு இது தெரியுமா? நான் சொல்லலாமா?" என்றாள். அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து நாகாசே தகாஷி பற்றிச் சொன்னேன். ஜப்பானிய ராணுவத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். கைதிகளைச் சித்திரவதை செய்து விசாரித்தபோது பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தவர். 1945ல் கல்லறைகளைத் தேடிப் போன அந்தக் குழுவோடும் போனவர். பார்த்ததை அவரால் மறக்க முடியவில்லை. நூறு தடவைக்கு மேல் காஞ்சனபுரிக்குத் திரும்பி வந்தார். அவர் முன்னால் அடிபட்ட எரிக் லோமாக்ஸ் என்ற பிரிட்டிஷ் கைதி ஐம்பது வருஷம் கழித்து 1993ல் அவரை இதே ஊரில் சந்தித்து, கடைசியில் மன்னித்தார். மகள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப சொல்லலாம். ஆனா ஸ்கூல்ல வேணாம், வீட்டுக்கு வரும்போது சொல்றேன்" என்றாள். அந்த யோசனை எனக்கு வந்திருக்காது.

பிற்பகலில் பாலம். குவாய் நதிப் பாலம் என்று சினிமாவால் உலகப் புகழ்பெற்றது. வேடிக்கை என்னவென்றால், 1957ல் வந்த அந்தப் படம் இலங்கையில் கித்துல்கலவில் எடுத்தது. பாலத்தின் கீழே ஓடிய ஆற்றின் பெயரும் வேறு. படம் பார்த்துவிட்டு வந்த சுற்றுலாப் பயணிகள் குவாய் எங்கே என்று கேட்க, 1960களில் ஆற்றின் பெயரையே மாற்றிவிட்டார்கள். வளைந்த இரும்பு வளைவுகள் பழையவை. நடுவில் நேர்கோட்டில் இருக்கும் இரண்டும் குண்டுவீச்சில் போனவற்றுக்குப் பதிலாக வைத்தவை. ஒரே செல்ஃபி கூட்டம். அந்தப் படத்தில் தோட்டத் தொழிலாளிகளைப் பற்றிப் பேச்சே கிடையாது.

பாலத்தின் பக்கத்தில் எலும்புகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டும் இடமும் உண்டு. 1990ல் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது ஆசியத் தொழிலாளர்களின் எலும்புக்கூடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. நாங்கள் உள்ளே போகவில்லை. பிள்ளைகளுக்காக மட்டும் இல்லை. மாமியார் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பாலத்திலிருந்து கொஞ்ச தூரம் ஆற்றோரமாக நடந்தால் ஒரு நினைவுச்சின்னம் வருகிறது. நாங்கள் போனபோது கூட்டமே இல்லை. 1944ல் ஜப்பானிய ராணுவமே கட்டியது. ரயில் பாதை வேலையில் செத்தவர்களுக்காக, அதாவது அவர்களிடம் வேலை செய்து செத்தவர்களுக்காக. அதன் சுவர்களில் பல மொழிகளில் கல்வெட்டுப் பலகைகள் இருக்கின்றன. அதில் ஒன்று தமிழ்.

காலையிலிருந்து நாங்கள் பார்த்ததில் அதுதான் முதல் தமிழ் எழுத்து. மகளுக்குச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி அறிமுகம்தான், எழுத்துக்கூட்டி வாசிக்க ஆரம்பித்தாள். மாமியார் பின்னால் நின்று திருத்திக்கொண்டே வந்தார். முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

"பேரு எழுத ஆள் இல்ல. இதை எழுத மட்டும் தமிழ் தெரிஞ்ச ஆள் கிடைச்சிருக்கு பாருங்க" என்றார் மாமியார்.

எனக்கு அந்தச் சின்னத்தின் முன்னால் எப்படி நிற்பதென்று தெரியவில்லை. கும்பிடவா? கொன்றவர்களே எழுப்பியது. கும்பிடாமல் போகவா? அந்த இடத்தில் அந்தச் செத்தவர்களை நம் மொழியில் நினைத்தது இது ஒன்றுதான், அதுவும் எத்தனையோ வருஷம். மாமியாருக்கு இந்தக் குழப்பம் இல்லை. கைப்பையிலிருந்து கற்பூரத்தை எடுத்தார். பேராக்கிலிருந்து கொண்டுவந்திருக்கிறார். அதைச் சின்னத்தின் முன் ஏற்றவில்லை. ஆற்றங்கரைப் பக்கம் திரும்பி ஒரு கல்மேல் வைத்து ஏற்றினார். பையன் 'ஹேப்பி பர்த்டே' பாடலாமா என்று என் காதில் கேட்டான். ஆறு வயது!

இப்போது நம் தரப்பிலும் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். வாட் தாவோன் வராராம் என்ற புத்தர் கோவில் வளாகத்தில், தாய்லாந்துத் தமிழர்களின் முயற்சியிலும் தமிழ்நாடு அரசின் உதவியிலும், 2025ல் ஒரு நடுகல் வந்தது. அடுத்த நாள் காலையில் பூ வாங்கிக்கொண்டு போனோம். நடுகல் என்றால் என்ன என்று மகளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஊருக்காகச் சண்டை போட்டுச் செத்தவனுக்கு அவன் பெயரையும் செய்த காரியத்தையும் எழுதி நடும் கல், சங்ககாலம் தொட்டு இருக்கும் வழக்கம் என்றேன். "ஆனா இவங்க சண்டை போடலையே" என்றாள். சரியான கேள்விதான். இவர்கள் மண் சுமந்தார்கள், கல் உடைத்தார்கள், மரம் வெட்டினார்கள். வீரம் என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. கூலிக்குப் போனார்கள், கூலி கிடைக்கவில்லை. இருந்தாலும் கல் வேண்டும்தானே என்று அவள் அம்மா சொன்னாள். அதோடு விட்டுவிட்டோம்.

மதியம் வேன் பிடித்து ஹெல்ஃபயர் பாஸ் போனோம், எண்பது கிலோமீட்டர் இருக்கும். மலையை நடுவில் பிளந்து பாதை போட்ட இடம். ஆஸ்திரேலிய அரசு நடத்தும் மியூசியமும் நடைபாதையும் இருக்கின்றன. அனுமதி இலவசம், ஆடியோ கைடும் தருகிறார்கள். நம் மெல்பர்ன், சிட்னிப் பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் தெரிந்த இடம். வெட்ட ஆரம்பித்தது 1943 ஏப்ரல் 25, அன்சாக் தினம். கையால் பிடித்த உளிக்கம்பியும் சம்மட்டியும்தான் கருவி. ஒருவன் கம்பியைப் பிடிக்க, இன்னொருவன் அடிக்க, ஓட்டைக்குள் வெடி வைத்து, உடைந்த கல்லைக் கூடையில் சுமந்து. ராத்திரியிலும் தீப்பந்த வெளிச்சத்தில் வேலை நடந்ததால் பாறையில் ஆடிய நிழல்களைப் பார்த்து வைத்த பெயர் அது. டாக்டர் வியரி டன்லப் பற்றி மகள் பள்ளியில் போஸ்டர் செய்திருக்கிறாள். அவருடைய அஸ்தியை இங்கேதான் தூவினார்கள் என்று தெரிந்ததும் அவளே எனக்கு கைடு ஆகிவிட்டாள்.

படிகள் அதிகம். முழங்கால் வலிக்காரர்கள் மேலேயே இருந்துவிடுவது நல்லது. மாமியார் மேலே இருந்தார். நாங்கள் கீழே இறங்கி நடந்தோம். பாறை இடுக்குகளில் பாப்பி மலர்கள், குட்டி ஆஸ்திரேலியக் கொடிகள். உடைந்த உளிக்கம்பி ஒன்று இன்னும் பாறைக்குள் குத்திக்கொண்டு நிற்கிறது.

"இங்க ஆஸ்திரேலியன்ஸ் மட்டும்தானா?" என்று கேட்டாள் மகள். ஆரம்பித்தது அவர்கள்தான், வேலை தாமதமாகிறது என்று பிறகு தமிழர்களையும் மலாய்க்காரர்களையும் மற்றக் கைதிகளையும் கொண்டுவந்தார்கள் என்றேன். பள்ளியிலிருந்து அவள் கொண்டுவந்திருந்த பாப்பி காகிதத்தில் செய்தது, இரண்டு இருந்தது. ஒன்றைக் கொடிகளோடு வைத்தாள். இன்னொன்றை எங்கே வைப்பது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கடைசியில் மேலே கொண்டுவந்து பாட்டியிடம் கொடுத்தாள். மாமியார் அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

அன்று ராத்திரி ஹோட்டலில் மகள் அந்தப் பெயர் விஷயத்தை விடவில்லை. அவளுக்குத் தெரிந்த முன்னோர் எல்லாம் தாத்தா, பாட்டி, கொள்ளுப்பாட்டிதான். நானும் யோசித்துப் பார்த்தேன். என் தாத்தாவின் பெயர் தெரியும். அவருடைய அப்பாவின் பெயர் ஒரு இனிஷியலாக இருக்கிறது, ஒரே ஒரு எழுத்து. அவருக்கு முந்தியவரின் இனிஷியல்கூட இல்லை. நம் வழக்கத்தில் அப்பா பெயர் பிள்ளைக்கு முதலெழுத்து, அடுத்த தலைமுறையில் அதுவும் விழுந்துவிடும். என் மகளின் பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற கட்டத்தில் இருப்பது என் அப்பாவின் பெயர். அவர் பெயர் மட்டும் ஆஸ்திரேலியச் சட்டத்தின் புண்ணியத்தில் இன்னும் நாலு தலைமுறை ஓடும்.

மாமியாரின் பெரியம்மா மகன் ஈப்போவில் இருக்கிறார், எண்பதைத் தொடுகிறவர். அவருக்கு வீடியோ கால் போட்டோம். சயாமுக்குப் போன மாமாவைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் அதிகம் தெரிந்திருந்தது. போகும்போது கல்யாணம் ஆகவில்லை. கோவில் திருவிழாவில் தப்பு அடிப்பார். போன அன்று தங்கச்சிக்கு, அதாவது மாமியாரின் அம்மாவுக்கு, பத்துப் பதினொரு வயது. வண்டி பின்னால் ஓடியிருக்கிறது. மாமியாருக்கே இது புதுச் செய்தி.

"பேரு என்ன அண்ணே?"

"எல்லாரும் 'சின்னையா'ன்னு கூப்பிடுவாங்கன்னு எங்கம்மா சொல்லும்."

"அது கூப்பிடற பேரு. சொந்தப் பேரு?"

அவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். சித்தியவானில் ஒரு அக்கா இருக்கிறார், தொண்ணூறுக்கு மேல் ஆகிறது, காது கேட்காது, ஆனால் பழைய விஷயம் எல்லாம் சுத்தமாக நினைவிருக்கிறது, தைப்பூசத்துக்குப் போகும்போது நேரில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். மகள் என் போனைப் பிடுங்கி, தன் மழலைத் தமிழில், "தாத்தா, உங்க பேரு என்ன? அதையும் சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்றாள். அவர் சிரித்துவிட்டு, இனிஷியலோடு முழுசாகச் சொன்னார். அந்த இனிஷியலுக்கு என்ன விரிவு என்று அவள் கேட்க, மாமியார் பேப்பர் தேடி எழுந்தார்.